அஞ்சுகிராமத்திலிருந்து ஒரு கேள்வி

மக்கா,

போன புதன்கிழமை பேசிக்கொண்டிருந்தபோது பஸ் வந்துவிட்டதென்று பாதியில் வைத்துவிட்டாய். வைப்பதற்கு முன்னால் அவசரமாக ஒன்று கேட்டாய். "அம்மா, இன்னொரு கம்பெனியில கூப்பிடுதாவ. பழைய வேலை மாதிரிதான். சம்பளம் கூடுதல். போகட்டா?" நான் வாயைத் திறப்பதற்குள் பஸ் கதவு மூடும் சத்தம் கேட்டது. பக்கத்தில் நின்ற அப்பா, "என்ன கேட்டான்?" என்றார். சொன்னேன். "நீ என்ன சொன்ன?" என்றார். ஒன்றும் சொல்லவில்லை என்றேன். திரும்பக் கூப்பிட்டிருக்கலாம். ஆனால் போனில் சொன்னால் போ, போகாதே என்று ஒரு சொல்லில் முடிந்துவிடும். எனக்கு ஒரு சொல் போதாது. அதனால் எழுத உட்கார்ந்தேன். எல்லாரும் படிக்கிற இடத்தில் இதை எழுதுவதில் எனக்குக் கூச்சம் இல்லை. நம் தெருவிலேயே பாதி வீட்டுப் பிள்ளைகள் வளைகுடாவிலோ கனடாவிலோதான் இருக்கிறார்கள். அந்த வீட்டுத் தாய்மாருக்கு நான் சொல்லப்போவது ஒன்றும் புதிதாக இருக்காது.

நீ பேசக் கற்றுக்கொண்டது அப்பாவின் வலது காதில். அரசு பஸ்ஸில் எஞ்சின் பக்கத்திலேயே உட்கார்ந்து ஓட்டி அவருடைய இடது காது உனக்கு விவரம் தெரிவதற்கு முன்பே மந்தமாகிவிட்டது. மற்ற பிள்ளைகள் அப்பாவிடம் ஒன்றைச் சொல்லிவிட்டு ஓடுவார்கள். நீ அவருடைய வலது பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டு, ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைப்பாய். அவர் முகத்தைப் பார்ப்பாய். புரியவில்லை என்று தெரிந்தால் அலுத்துக்கொள்ளாமல் வேறு விதமாகச் சொல்வாய். கிரிக்கெட்டில் எப்படி அவுட் ஆகிறது என்பதை ஒரு கோடை விடுமுறை முழுக்க அவருக்கு விளக்கினாய். அவருக்கு அது புரிந்ததா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. நீ சொல்வதைக் கேட்க வேண்டும் என்பதற்காகவே புரியாத முகத்தை அவர் வைத்திருந்தார் என்பது மட்டும் தெரியும். சமையலறையில் மீன் கழுவிக்கொண்டே நானும் கேட்டுக்கொண்டிருப்பேன். அந்த நாட்களில் இந்த வீட்டில் ரேடியோ போட்டதாக எனக்கு நினைவில்லை.

நீ துபாய்க்குப் போன அன்று திருவனந்தபுரம் விமான நிலையத்துக்குக் காரில் போனோம். களியக்காவிளை தாண்டும்வரை நீ பேசிக்கொண்டே வந்தாய். கடைப் பலகைகளெல்லாம் மலையாளத்தில் மாறியதும் பேச்சு நின்றது. பயம் என்று நினைத்து உன் கையைப் பிடித்தேன். நீயும் பிடித்துக்கொண்டாய். முதல் வருடம் தினமும் கூப்பிட்டாய். அறையில் யார் யார், மெஸ்ஸில் என்ன குழம்பு, எந்தக் கடையில் நம்ம ஊர் மட்டி வாழைப்பழம் கிடைக்கிறது என்று எல்லாம் சொன்னாய். அதற்குப் பிறகு முதலீட்டுக் கம்பெனி ஒன்றுக்கு மாறினாய், அப்போதுதான் உன் பேச்சு சுருங்கியது. "சாப்டாச்சா, மருந்து போட்டாச்சா, அப்பாக்கு சுகமா, செரி வைக்கட்டா." மூச்சு விடாமல் கேட்டுவிட்டு வைத்துவிடுவாய். ஏதாவது கேட்டால், "அது ஒண்ணும் இல்லம்மா, வேலைதான்" என்பாய். வேலைக் களைப்பு என்று நானும் விட்டுவிட்டேன். முப்பது வயதை நெருங்கும் மகனிடம் என்னோடு பேசு என்று எந்தத் தாயால் கேட்க முடியும்?

கடலோர இனயத்து மெட்டில்டாவை உனக்குத் தெரியும். நான் நர்ஸாக இருந்த ஆஸ்பத்திரியில் என் வார்டில் உதவிக்கு இருந்தவள். நான் ஓய்வு பெற்ற பிறகு அவளும் வேலையை விட்டுவிட்டாள். அவள் கணவர் சேவியர் பஹ்ரைனில் விசைப்படகில் மீன்பிடித் தொழில் செய்கிறார். ஒரு சனிக்கிழமை மாலை அவள் போனைக் கையில் பிடித்தபடி வேகமாக உள்ளே வந்தாள்.

"அக்கா, இஞ்ச பாருங்க. உங்க மோன் டிவியில வாற மாதிரி வாறான்!"

டிவி இல்லை. உன் கம்பெனி சனிக்கிழமைதோறும் தமிழ் பேசும் முதலீட்டாளர்களுக்காக ஆன்லைனில் நடத்தும் கேள்வி நேரம். சேவியர் தன் அறைக்காரர்கள் சொல்லி அதில் சேர்ந்து, நம்ம ஊர்ப் பையன் பேசுகிறான் என்று இவளுக்கு அந்த இணைப்பை அனுப்பியிருக்கிறார். கழுத்தில் டை, பின்னால் கண்ணாடிச் சுவர். நீ சிரித்துக்கொண்டே, "அருமையான கேள்வி. இதை மூன்று பகுதியாகப் பார்க்கலாம்" என்றாய். அது நம் ஊர்ப் பேச்சில்லை. எந்த ஊர்ப் பேச்சும் இல்லை. ஆனால் சத்தம் உன் சத்தம். யாரோ ஒரு மனிதர் கேட்டதற்கு நிறுத்தி நிதானமாக, அவருக்குப் புரியும்வரை பதில் சொல்லிக்கொண்டிருந்தாய். நான் நின்றபடியே கேட்டேன். அப்பா வந்து போனை வாங்கித் தன் வலது காதில் வைத்துக்கொண்டார். கூட்டம் முடியும்வரை திருப்பிக் கொடுக்கவில்லை.

அடுத்த சனிக்கிழமைக்குள் நானே பெயர் பதிந்துவிட்டேன். பணம் போட வேண்டிய கட்டாயம் இல்லை, யோசிப்பவர்களும் கேட்கலாம் என்று போட்டிருந்தது. பெயர் என்ற இடத்தில் சின்ன வயதில் என்னை வீட்டில் கூப்பிட்ட பெயரைப் போட்டேன். ஊர் என்ற இடத்தில் நம் நெய்யூரைப் போட்டால் நீ கண்டுபிடித்துவிடுவாய் என்று நான் பிறந்த அஞ்சுகிராமத்தைப் போட்டேன். கேட்பவர்களின் முகம் உங்களுக்குத் தெரியாது. கேள்வியை எழுதி அனுப்பினால் கூட்டத்தை நடத்த உன்னோடு இருக்கும் ஒரு பெண் வாசிப்பாள், நீ பதில் சொல்வாய். சனிக்கிழமை மாலை ஆனால் அப்பா சட்டை மாற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்துவிடுவார். "அவன் நம்மளப் பாக்க முடியாது, தெரியும்லா?" என்றால், "நான் அவனப் பாக்குதேன்லா" என்பார்.

முதலில் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. விளங்க வேண்டும் என்றும் நினைக்கவில்லை. நீ பேசிக்கொண்டே இருக்க என்ன கேட்க வேண்டுமோ அதைக் கேட்டேன். நீங்கள் விற்கும் பாஸ்-த்ரூ பாண்டு என்றால் என்ன என்று கேட்டேன். எல்லாருடைய பணத்தையும் ஒன்றாகச் சேர்த்துக் கிரிப்டோ நாணயம் வாங்கி, அதைத் தேவைப்படுகிறவர்களுக்குக் கடன் கொடுப்போம், அவர்கள் தரும் வட்டி எங்கள் கை வழியாகக் கடந்து உங்களுக்கு வரும், அதனால் அந்தப் பெயர் என்றாய். வட்டி ஏன் மாதத்துக்கு மாதம் மாறுகிறது என்று கேட்டேன். கடன் வாங்க ஆள் கூடினால் கூடும், குறைந்தால் குறையும் என்றாய். கிரிப்டோ நாணயத்தைக் கையில் தொட முடியுமா என்று அப்பாவின் சார்பில் கேட்டேன். அதற்கு நீ சிரித்தாய். இடையில் அப்பா என் முழங்கையை இடிப்பார். "முகம் வாடிக் கெடக்குட்டி. சாப்டானான்னு கேளு."

"அத எப்படிங்க எழுதுவேன்? வட்டியப் பத்தியாக்கும் கேக்கணும்."

"வட்டி கெடக்கட்டு, நீ கேளு."

நான் எழுதவில்லை. ஆனால் நானும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கன்னம் ஒட்டியிருந்தது. "அருமையான கேள்வி" என்று சொல்லும்போதெல்லாம் உன் கண் ஒரு நொடி கீழே போய்விட்டு வந்தது. பள்ளிக்கூடத்தில் மார்க் குறைந்த அன்று வீட்டுக்குள் நுழையும்போது உனக்கு இருந்த அதே முகம்.

கேட்டுக்கேட்டு எனக்கும் கொஞ்சம் பிடிபட ஆரம்பித்தது. சேரும்போது ஒரு கட்டணம், நாணயத்தைப் பாதுகாக்க ஒரு கட்டணம், நிர்வாகத்துக்கு ஒரு கட்டணம், வெளியே போகும்போது இன்னொன்று. திரையில் வட்டி பெரிய எழுத்தில் இருந்தது, பின்னால் "வரை" என்று சின்னதாகப் போட்டிருந்தது, அதாவது அவ்வளவு வரை வரலாம், வராமலும் போகலாம். கட்டணத்துக்குப் பின்னால் அந்தச் சொல் இல்லை. இது சரிதானா, எனக்குத்தான் புரியவில்லையா என்று யோசித்துக்கொண்டிருந்த சமயத்தில் மெட்டில்டா வந்தாள். போன மழைக்காலத்தில் கடல் அவள் வீட்டுப் பின்சுவரைக் கொண்டுபோய்விட்டது. கடலை விட்டுத் தள்ளி ரோட்டுக்குக் கிழக்கே கொஞ்சம் மனை வாங்கி வீடு வைக்க சேவியர் பல வருடமாகச் சேர்த்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, அங்கேருந்து சொல்லுதாரு, கொஞ்சம் போட்டது போக மிச்ச பைசாவையும் அதுல போடப் போறாராம். ஒரு வருசத்துல மனையோட வீடும் ஆயிரும்னு சொல்லுதாரு. உங்க மோன் இருக்க கம்பெனிதான, பயம் இல்லல்லா?"

பயம் இல்லை என்று சொல்ல முடியவில்லை. பயம் உண்டு என்று சொன்னால் உன்னைக் குறை சொன்னதாகிவிடும். "மிச்சத்தப் போடதுக்கு முன்ன இந்தச் சனிக்கிழமை சேவியரையும் கேக்கச் சொல்லு. நான் ஒண்ணு கேக்கப் போறேன்" என்றேன்.

அன்று நான் அனுப்பியதை அந்தப் பெண் வாசித்தாள். "அஞ்சுகிராமத்திலிருந்து ஒரு கேள்வி. வீடு கட்ட வைத்திருக்கும் பணம் இது. வட்டி குறைகிற மாதத்தில் உங்கள் கட்டணமும் குறையுமா? வட்டியே வராவிட்டால் கட்டணத்தை எதிலிருந்து எடுப்பீர்கள்?"

"அருமையான கேள்வி மேடம்" என்று தொடங்கினாய். அதோடு நின்றுவிட்டாய். மேசையில் இருந்த தண்ணீரை எடுத்துக் குடித்தாய். "ஜெபின், நாங்கள் பேசுவது கேட்கிறதா?" என்றாள் அந்தப் பெண். "கேக்குது" என்றாய். பிறகு நீ பேசியதை நான் ஒரு சொல் விடாமல் இப்போதும் சொல்வேன்.

"அம்மா, கட்டணம் கொறையாது. நீங்க போட்ட மொத்தத் தொகைக்காக்கும் கட்டணம். வட்டி வந்தாலும் வரல்லண்ணாலும் அதப் பிடிப்பாவ. வட்டி இல்லாத மாசம் நீங்க போட்ட முதலுல இருந்து எடுப்பாவ. நாணயத்துக்க வெல விழுந்தா முதலும் கொறையும். வட்டிக்குப் பொறத்த 'வரை'ன்னு ஒரு சொல்லு கெடக்குல்லா, அத நல்லா பாத்துக்கிடுங்க. வீடு கெட்ட வெச்சிருக்க பைசாவ இதுல போடாதீங்கம்மா."

அந்தப் பெண் அவசரமாக வேறு கேள்விக்குப் போனாள். அப்பா, "என்னட்டி சொன்னான்?" என்று என் தோளை உலுக்கினார். நீ சொன்னதை அப்படியே அவர் காதில் திருப்பிச் சொன்னேன். "நம்ம பேச்சுலயா சொன்னான்?" என்றார். ஆமாம் என்றேன். அவர் எழுந்து முற்றத்துக்குப் போய் நின்றுகொண்டார். மேடம் என்று தொடங்கிய நீ அம்மா என்று மாறியது மரியாதைக்கா, என்னைத்தானா என்று தெரியாமல் நான் போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளே போய் அணைத்துக்கொள்ள முடியாத தூரத்தில் பிள்ளை இருந்தால் என்ன செய்வது என்று எந்த ஆஸ்பத்திரியிலும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

அடுத்த சனிக்கிழமை அப்பா வழக்கம்போல் சட்டை மாற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். வேறொரு பையன் வந்தான். நன்றாகத்தான் பேசினான். "ஜெபின் எங்கே?" என்று எழுதி அனுப்பினேன். அதை யாரும் வாசிக்கவில்லை. அதற்கடுத்த வாரமும் அந்தப் பையன்தான். அப்பா பாதியில் எழுந்துபோய்விட்டார். நான் கடைசிவரை இருந்தேன். நீ நடுவில் வந்துவிடுவாய் என்று ஓர் எண்ணம். உன்னைக் கூப்பிட்டால், நல்லாத்தான் இருக்கேன் என்று சொல்லி வைத்தாய். உண்மையைச் சொன்னதற்காக உன்னை என்ன செய்தார்கள் என்று நினைத்து நினைத்து என் ரத்த அழுத்தம் ஏறியது. கேட்டிருக்கவே வேண்டாமோ என்றும் தோன்றியது. மெட்டில்டாவின் முகத்தைப் பார்த்தால் கேட்டது சரி என்று தோன்றும். வீட்டுக்குள் வந்து நீ இல்லாத சனிக்கிழமையைப் பார்த்தால் மறுபடியும் வேண்டாம் என்று தோன்றும். இரண்டும் உண்மைதான், மக்கா.

ஒருநாள் நீயே கூப்பிட்டாய். சாப்டாச்சா என்று கேட்கவில்லை.

"அம்மா, அஞ்சுகிராமத்துல நமக்கு இப்ப யாராவது இருக்காவளா?"

"யாரும் இல்ல மக்கா. மாமா வீட்டயும் வித்தாச்சே."

"செரி" என்றாய். அப்புறம், "நான் வேலைய விட்டுட்டேம்மா" என்றாய். அவர்கள் உன்னைக் கேள்வி நேரத்திலிருந்து எடுத்துவிட்டு, எழுதிக் கொடுத்ததை மட்டும் வாசிக்க வேண்டும் என்று சொன்னதையும், நீ முடியாது என்றதையும் சொன்னாய். இவ்வளவு நாள் ஏன் எங்களோடு பேசவில்லை என்று நான் கேட்காமலே அதையும் சொன்னாய். "காலம்பற இருந்து அந்த 'வரை'ய மறைச்சு மறைச்சுப் பேசிட்டு, அதே வாயோட உங்ககிட்ட பேச முடியல்ல. ரெண்டு வார்த்த கூடப் பேசினா நீங்க கண்டுபிடிச்சிருவீங்கன்னு பயம்." அன்று நீ அழுதாயா என்று எனக்குத் தெரியாது. நான் அழுதேன். அப்பாவுக்குத் தெரியாமல் இருக்கக் குழாயைத் திறந்துவிட்டேன்.

இனி நீ கேட்டதற்கு வருகிறேன். அந்தப் புதிய கம்பெனிக்குப் போவதற்கு முன்னால், உன்னிடம் ஊரார் கேட்கப்போவதை அவர்களிடம் நீ கேள். வட்டி எங்கிருந்து வருகிறது, வராவிட்டால் யாருக்கு நட்டம், கட்டணம் எதிலிருந்து போகிறது என்று கேள். அவர்கள் சொல்கிற பதிலைச் சேவியரின் முகத்தைப் பார்த்து உன்னால் சொல்ல முடியும் என்றால் போ. நாங்கள் சந்தோஷப்படுவோம். முடியாது என்றால் சம்பளம் எவ்வளவு என்று எங்களிடம் சொல்லவே வேண்டாம். அப்பாவின் பென்ஷனும் என்னுடையதும் சேர்ந்து இந்த வீட்டுக்குப் போதும். நீ எங்களுக்கு அனுப்பியே தீர வேண்டும் என்று உன் மனதில் ஓடிக்கொண்டிருந்தால் அதை இன்றோடு விட்டுவிடு. வேலை இல்லாமல் ஊருக்கு வந்தால் நாலு பேர் கேட்பார்கள் என்று யோசிக்கிறாய் என்பதும் எனக்குத் தெரியும். கேட்பார்கள். கோயிலுக்கு வெளியே நின்று கேட்பார்கள், மார்க்கெட்டில் கேட்பார்கள். ஒரு வாரம் கேட்டுவிட்டு அடுத்த வீட்டுப் பிள்ளைக்குப் போய்விடுவார்கள். உன் பெட்டியில் என்ன இருக்கிறது என்று எங்கள் வீட்டில் யாரும் பார்க்கப் போவதில்லை.

உள்ளதைச் சொன்னால் உன் வேலை, வட்டி, கட்டணம் எதுவுமே எனக்குப் பெரிதில்லை. இப்போது நீ தினமும் கூப்பிடுகிறாய், நன்றாகப் பேசுகிறாய். ஆனாலும் வைத்த பிறகு வீடு முன்பைவிட அமைதியாக இருக்கிறது. சத்தம் கேட்டால் போதும் என்று சனிக்கிழமைகளில் இருந்தேன். சத்தம் கிடைத்ததும் ஆளைப் பார்க்க வேண்டும் என்று இருக்கிறது. நேற்று உன் அறையைத் துடைத்துவிட்டு, காரணமே இல்லாமல் ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டு வந்தேன்.

சேவியர் போன வாரம் லீவில் வந்தார். முதலில் போட்டிருந்ததை வெளியே எடுத்தபோது கட்டணம் போகக் கொஞ்சம் குறைந்துதான் கிடைத்ததாம். மிச்சத்தைப் போடாததால் மனைக்கு முன்பணம் கொடுத்தாகிவிட்டது. ரோட்டுக்குக் கிழக்கே, ஒரு பலாமரத்தோடு. மெட்டில்டாவோடு நம் வீட்டுக்கு வந்தார். கைநிறையச் சாளை மீன் கொண்டுவந்திருந்தார். அதிகம் பேசாத மனிதர். அப்பாவின் வலது பக்கம் உட்கார்ந்து சொன்னார்: "அன்னைக்கு அவன் நம்ம பேச்சுல பேசினப்போ, நான் படகுல இருந்தேன். கூட இருந்த எல்லாவனையும் சும்மா இருங்கடேன்னு சொல்லிட்டுக் கேட்டேன். வீட்டுல இருந்து ஒருத்தன் கூப்பிட்ட மாதிரி இருந்துது."

போகும்போது வாசலில் நின்று, "அவன் எப்ப வருவான்? வீட்டுக்குக் கல்லு போடும்போ அவனும் நிக்கணும்" என்றார்.

"வருவான்" என்று அப்பா சொன்னார். சேவியர் கேட்டது எந்த மாதம் என்று. நாங்கள் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அதற்கு நீதான் பதில் சொல்ல வேண்டும், மக்கா.

அம்மா